ஒரு கல்லூரி வானொலி தேசிய மாநாடு நடத்தியபோது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சமூக வானொலி என்பது ஒரு வட்டாரத்து மக்களுக்காக அங்கேயே இயங்கும் சிறு பண்பலை நிலையம்; கல்வி நிறுவன வளாகத்தில் இருந்தால் அது வளாக வானொலி. இந்தியாவின் முதல் வளாகச் சமூக வானொலி 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் ஒலிபரப்பைத் தொடங்கியது. அந்தக் காலத்தில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான் உரிமம் கிடைக்கும். 2006 இறுதியில் வந்த கொள்கைக்குப் பிறகே தொண்டு நிறுவனங்களும் வேளாண் அறிவியல் மையங்களும் விண்ணப்பிக்க முடிந்தது. இன்று நாடு முழுவதும் சுமார் 500 நிலையங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே விதிகள்தான்: ஒலிபரப்பின் கதிர்வீச்சுத் திறன் பொதுவாக 100 வாட்டுக்கு மேல் கூடாது, கோபுரம் 30 மீட்டருக்கு மேல் போகக்கூடாது, பாதி நிகழ்ச்சியாவது உள்ளூரிலேயே தயாராக வேண்டும், சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது.

விதி ஒன்றாக இருந்தாலும் இவை இரண்டு சாதி. சற்று மிகைப்படுத்திச் சொன்னால், வளாக நிலையத்தில் குளிரூட்டிய ஸ்டூடியோ இருக்கும், ஓடியாட மாணவர்கள் இருப்பார்கள், ஆனால் யார் கேட்கிறார்கள் என்று தெரியாது. கிராமத்து நிலையத்தில் நேயர்கள் அறிவிப்பாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், ஆனால் கரண்ட் பில் கட்டப் பணம் இருக்காது. இந்த இரு தரப்பும் மூன்று நாள் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும் என்பது சில நிலையங்களின் நெடுநாள் ஆசை. ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் நடத்தும் சம்மேளனங்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே பெரும்பாலும் அதிகாரிகள் பேசுவார்கள், நிலையங்கள் கேட்கும். கனடாவில் வளாக, சமூக வானொலிகளின் தேசிய மாநாட்டை ஆண்டுக்கு ஒரு நிலையம் எடுத்து நடத்துவது பல பத்தாண்டு வழக்கம். அதைப் போல இங்கும் நிலையங்களே முறைவைத்து நடத்தினால் என்ன என்ற பேச்சு எழுந்தது.

தென்மாவட்டக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் நிலையம் அதை ஏற்றுக்கொண்டது. அங்கே முழுநேர ஊழியர்கள் இரண்டே பேர்: நிகழ்ச்சித் தயாரிப்பாளரான ஒரு பெண்மணி, ஒரு தொழில்நுட்பர். மற்ற எல்லா வேலையும் மாணவர்கள் கையில். நான் பக்கத்து மாவட்டச் சமூக வானொலியைச் சேர்ந்தவன். மாநாட்டின் ஒருங்கிணைப்புக் குழுவில் தொடக்கத்திலிருந்து கடைசிவரை இருந்தேன். ஆட்கள், நிலையங்கள் பெயரை இங்கே தவிர்த்திருக்கிறேன்.

தேதி குறித்த கதை

பிப்ரவரி 13 உலக வானொலி நாள். மாநாட்டை அதையொட்டி வைக்கலாம் என்றுதான் எல்லோரும் முதலில் சொன்னார்கள். தயாரிப்பாளர் மறுத்தார். அன்று ஒவ்வொரு நிலையமும் தன் ஊரில் தனி நிகழ்ச்சி வைத்திருக்கும். உருப்படியாக வேலை செய்கிற ஆள் எவரும் அன்று நிலையத்தை விட்டு வர முடியாது. அது சரியான கணக்கு. பொங்கல் விடுமுறை முடிந்து, மாணவர்களின் மாதிரித் தேர்வு தொடங்கும் முன் உள்ள இடைவெளியாகப் பார்த்து 2025 ஜனவரி 31, பிப்ரவரி 1, 2 என்று முடிவானது. நடுநாள் அண்ணா பல்கலைக்கழக நிலையத்தின் பிறந்தநாளாகவும் அமைந்தது கூடுதல் மகிழ்ச்சி.

தை அமாவாசை ஜனவரி 29 என்பதைக் கவனித்தோம். ராமேஸ்வரம் பக்கம் கூட்டம் இருக்கும், 31க்குள் வடிந்துவிடும் என்று விட்டுவிட்டோம். அதே அமாவாசைதான் வடக்கே மௌனி அமாவாசை என்பதும், பிரயாக்ராஜில் மகா கும்பமேளா ஜனவரி 13 முதல் பிப்ரவரி 26 வரை நடக்கிறது என்பதும் குழுவில் யார் மனதிலும் ஏறவில்லை. மௌனி அமாவாசைக்கும் பிப்ரவரி 3 வசந்த பஞ்சமி நீராடலுக்கும் நடுவில் எங்கள் மாநாடு மாட்டிக்கொண்டது. உத்தரப் பிரதேசம், பீகார், மத்தியப் பிரதேசம் பக்கத்து நிலையங்கள் டிக்கெட் எடுக்கப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்திருந்தது. அதனால் நவம்பர் கடைசி வரைக்கும் சிக்கல் கண்ணில் படவே வழியில்லை. தெரிந்தபோது அழைப்பிதழ் போய்விட்டது, அரங்கமும் பதிவாகிவிட்டது.

தேதியை மாற்றுவதா என்று ஒரு மாலை முழுக்க விவாதம் நடந்தது. மாற்றினால் மாதிரித் தேர்வு, அதன்பின் பருவத் தேர்வு, அப்புறம் கோடை விடுமுறை. மாணவர்கள் இல்லாமல் மாநாடு நடத்த ஆளில்லை. தேதியை வைத்துக்கொண்டு, வடக்கத்தி நிலையங்களை நாக்பூர் அல்லது ஹைதராபாத் வரை பேருந்திலோ பகல் ரயிலிலோ வரச் சொல்லி, அங்கிருந்து டிக்கெட் எடுத்துக் கொடுப்பது என்று முடிவெடுத்தோம். பாதிப் பேர் அப்படி வந்து சேர்ந்தார்கள். சிலர் வரவேயில்லை.

டெல்லியிலிருந்து அழைத்திருந்த அதிகாரிகளும் வரவில்லை. பிப்ரவரி 1 ஒன்றிய பட்ஜெட் நாள். இதற்காக மாநாட்டில் யாரும் வருந்தியதாக எனக்குத் தெரியவில்லை.

யாருக்கு அழைப்பு

இந்த மாநாட்டின் முக்கியமான முடிவு இதுதான். ஒரு நிலையத்துக்கு இரண்டு இடம். அவர்களில் ஒருவராவது மைக் முன்னால் உட்காருகிறவராகவோ ஒலிபரப்புக் கருவியான டிரான்ஸ்மிட்டரைப் பார்த்துக்கொள்கிறவராகவோ இருக்க வேண்டும். அழைப்பிதழிலேயே இதை நிபந்தனையாகப் போட்டோம்.

இதற்குக் காரணம் உண்டு. ‘இரண்டு பிரதிநிதிகள்’ என்று பொதுவாக எழுதினால் வளாக நிலையத்திலிருந்து துறைத்தலைவரும் ஒரு பேராசிரியரும் வருவார்கள். தொண்டு நிறுவனத்திலிருந்து இயக்குநரும் திட்ட அலுவலரும் வருவார்கள். அவர்கள் ஏற்கெனவே ஒருவருக்கொருவர் அறிமுகமானவர்கள், பல கூட்டங்களில் பார்த்துக்கொண்டவர்கள். தினமும் காலை ஆறு மணிக்கு ஸ்விட்சைப் போடுகிறவர் ஊரைவிட்டு வெளியே வந்திருக்கவே மாட்டார்.

இரண்டு எதிர்ப்புகள் வந்தன. ‘எங்கள் தொழில்நுட்பருக்கு ஆங்கிலமும் தெரியாது, இந்தியும் தெரியாது, வந்து என்ன செய்வார்’ என்பது ஒன்று. அதற்குப் பதில் கண்டுபிடிப்பது எங்கள் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டோம். ‘மூன்று பேர் வேலை செய்கிற நிலையத்தில் இரண்டு பேர் கிளம்பினால் ஒலிபரப்பு என்ன ஆவது’ என்பது மற்றது. இது நியாயமான கேள்வி. மூன்று நாளுக்கான நிகழ்ச்சிகளைக் கணினியில் வரிசைப்படுத்தித் தானாக ஓடவிடும் முறையை ஒருங்கிணைப்புக் குழுவிலிருந்த ஒரு தொழில்நுட்பர் போனிலேயே பல நிலையங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். ரொம்பச் சின்ன நிலையங்களிடம் ஒருவர் மட்டும் வந்தால் போதும், அவர் இயக்குநராக மட்டும் இருக்க வேண்டாம் என்றோம்.

பணம்

வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று பயணச் செலவை ஏற்க முன்வந்தது. கல்லூரிக்கு வெளிநாட்டு நிதி பெறும் பதிவு கிடையாது. பதிவு உள்ள ஒரு நட்பு நிறுவனத்தின் வழியாக வாங்கிக்கொள்ளலாமே என்று யோசனை வந்தது. 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஒரு நிறுவனம் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றித் தர முடியாது. அந்த நிறுவனமே நேரடியாகச் செலவு செய்யலாம்தான். ஆனால் மாநாடு யாருடையது என்ற கேள்வி தணிக்கையில் வரும். நன்றி சொல்லி மறுத்துவிட்டோம்.

மிச்சமிருந்தது பதிவுக் கட்டணமும் உள்ளூர் நன்கொடையும். ஆகவே பை, கோப்பு, பேனா, நினைவுப் பரிசு எதுவும் கிடையாது. விடுதியில் தங்கல், மெஸ்ஸில் சாப்பாடு. வளாக நிலையங்கள் முழுக் கட்டணமும் கிராமத்து நிலையங்கள் பெயருக்கு ஒரு தொகையும் கட்டின. மிச்சப்படுத்தியதைப் பயணச் செலவுக்கு ஒதுக்கினோம். அதையும் ‘பில் அனுப்புங்கள், பிறகு தருகிறோம்’ என்று இழுக்காமல் பதிவு மேசையிலேயே கொடுத்துவிட வேண்டும் என்று தயாரிப்பாளர் பிடிவாதமாக நின்றார். மாதம் சில ஆயிரம் வாங்குகிற அறிவிப்பாளர் கடன் வாங்கி டிக்கெட் எடுத்து வந்திருப்பார் என்பது அவர் வாதம்.

கல்லூரியின் கணக்குப் பிரிவு ஒத்துக்கொள்ளவில்லை. ஆட்டோவுக்கு ஏது ரசீது, ஷேர் ஆட்டோவுக்கு ஏது ரசீது? கடைசியில் பயணி தானே எழுதிக் கையெழுத்திடும் ஒரு பக்க அறிக்கை, 5,000 ரூபாய்க்கு மேல் போனால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வவுச்சர் என்று சமரசம் ஆனது. பதிவு மேசையில் ஸ்டாம்ப் தீர்ந்துபோய், ஒரு மாணவர் மதிய வெயிலில் அஞ்சலகத்துக்கு ஓடினார்.

தொடக்க விழா சிக்கல்

கல்லூரிச் செயலருக்குப் பெரிய விருந்தினர் வேண்டும், குத்துவிளக்கு வேண்டும், அதுவும் காலை பத்து மணிக்கே வேண்டும். தயாரிப்பாளரோ அமர்வுகள் காலையில் தொடங்கட்டும், விழா மாலையில் இருக்கட்டும் என்றார்.

“கல்யாணத்துல தாலி கட்டுறதுக்கு முன்னாடியே பந்தி போடச் சொல்றீங்களேம்மா” என்றார் செயலர்.

“வெளியூர்க்காரங்க ரெண்டு நாள் ரயில்ல வந்து பசியோட இருக்காங்க ஐயா. முகூர்த்தம் சாயங்காலம்தானே?”

செயலர் சிரித்தாரே தவிர இறங்கி வரவில்லை. விருந்தினரின் உதவியாளர் காலை நேரத்தை உறுதி செய்ய மறுத்ததுதான் உண்மையில் விஷயத்தைத் தீர்த்துவைத்தது. விழா மாலை நான்குக்குப் போனது. விருந்தினர் ஐந்தரைக்கு வந்தார். காலை அமர்வுகள் அதற்குள் முடிந்திருந்தன. பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுத்தார்கள். இதே விழா காலையில் இருந்திருந்தால் முதல் நாள் முழுக்கக் காத்திருப்பிலேயே போயிருக்கும்.

மொழி: போட்ட திட்டமும் நடந்ததும்

ஆங்கிலம், இந்தி, தமிழ் மூன்றும் மேடை மொழிகள். தெலுங்கு, மலையாளம், மராத்தி பேசுகிறவர்களும் வந்திருந்தார்கள். வானொலிக்காரர்கள் ஆயிற்றே, மொழிபெயர்ப்பை வானொலி வழியிலேயே கொடுக்கலாம் என்ற எண்ணம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. தனி டிரான்ஸ்மிட்டர் வைக்க உரிமம் கிடையாது. எனவே ஸ்டூடியோவில் மொழிபெயர்ப்பாளரை உட்கார வைத்து, கல்லூரி வைஃபை வழியாகக் கேட்பவரின் போனுக்கு இணைய ஓடையாக (ஸ்ட்ரீமிங்) அனுப்பத் திட்டமிட்டோம்.

முந்தைய நாள் சோதித்தபோது குரல் பத்து நொடிக்கு மேல் தாமதமாக வந்தது. இணைய ஓடை இடையில் தடைபடாமல் இருக்கக் கொஞ்சம் சேமித்துவைத்துத்தான் ஒலிக்கும், தாமதம் அதனால்தான். பாடல் கேட்க அது பொருட்டில்லை. அரங்கில் அது உதவாது. பேச்சாளர் திரையில் அடுத்த படத்துக்குப் போயிருப்பார், போனில் முந்தைய படத்தின் விளக்கம் ஓடிக்கொண்டிருக்கும். ஒத்திகையில் தமிழ்ப் பக்கம் சிரித்து முடித்த பிறகு இந்திப் பக்கத்தில் சிரிப்பு கேட்டது.

தாமதம் குறைந்த வேறு மென்பொருளை இரவோடிரவாக ஏற்றிப் பார்க்கலாம் என்று மாணவர்கள் துடித்தார்கள். தயாரிப்பாளர் வேண்டாம் என்றுவிட்டார். சோதிக்காத ஒன்றை நூறு போன்களில் காலையில் முதல் முறையாக இயக்கிப் பார்க்க அவருக்குத் துணிவில்லை, எனக்கும் இல்லை. அதற்கு மாற்றாக மொழிவாரியாக உட்கார வைத்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் பக்கத்தில் இருந்து தாழ்ந்த குரலில் சொல்ல இருவர் என்று ஏற்பாடு செய்தோம். பேச்சாளர் இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும்.

இதனால் 45 நிமிட அமர்வில் பாதி விஷயம்தான் பேச முடிந்தது. நீளமாக எழுதி வந்தவர்கள் திண்டாடினார்கள். ஆனால் தமிழ் மட்டும் தெரிந்த ஒரு கடலோர அறிவிப்பாளர் முதல் நாளிலேயே எழுந்து கேள்வி கேட்டார், புந்தேல்கண்ட் பகுதிப் பெண் ஒருவர் பதில் சொன்னார். தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்கள் இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்வார்கள். எங்கள் மாணவர்கள் அப்படிச் செய்யவில்லை, இரண்டாம் நாள் மதியத்துக்குள் மூன்று பேருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

இரண்டாம் நாள்: ஒரு கனெக்டர்

அன்று காலை ஒன்பது முதல் இரண்டு மணி வரை துணைமின் நிலையத்தில் பராமரிப்புப் பணி என்று வியாழக்கிழமை நாளிதழில் வந்திருந்தது. அரங்கத்துக்கு ஜெனரேட்டர் உண்டு. இயற்பியல் ஆய்வகத்துக்குக் கிடையாது. அதனால் ஆய்வகத்தில் வைத்திருந்த தொழில்நுட்ப அமர்வை மதியத்துக்குத் தள்ளினோம். அந்த நேரத்தில் அரங்கில் நிதி நிலைத்தன்மை பற்றிய பெரிய அமர்வு. 2024 பிப்ரவரியில் விளம்பர நேரம் மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 ஆகவும், அரசு விளம்பரக் கட்டணம் 10 நொடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ஆகவும் உயர்த்தப்பட்டது. அது யாருக்குப் பயன்பட்டது என்பது பேச்சு. முக்கியமான தலைப்புதான். ஆனால் கூட்டம் ஆய்வகத்தில்தான் கூடியது.

கடலோர நிலையம் ஒன்றின் தொழில்நுட்பர் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஒரு கேபிள் கனெக்டரைக் கொண்டுவந்திருந்தார். திருகைக் கழற்றி மேசைமேல் வைத்தார். உள்ளே செம்பு முழுவதும் பச்சை பூத்திருந்தது, நடு ஊசி கறுத்துப் போயிருந்தது. அவருடைய நிலையத்தில் ஒலிபரப்பு எல்லை திடீரென்று சுருங்கிவிட்டது. டிரான்ஸ்மிட்டர்தான் பழுது என்று நினைத்து அதைக் கழற்றி நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். பல வாரம் நிலையமே மௌனம். பழுதொன்றும் இல்லை என்று அது திரும்பி வந்தது. பிறகுதான் கோபுரத்தில் ஏறிப் பார்த்தார். உப்புக் காற்று புகுந்து கனெக்டர் அரித்திருந்தது. அனுப்பும் திறனில் ஒரு பகுதி ஆன்டெனாவுக்குப் போகாமல் திரும்பி வர, டிரான்ஸ்மிட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் திறனைக் குறைத்துக்கொண்டிருந்தது.

நடத்திய நிலையத்தின் தொழில்நுட்பர் உடனே கல்லூரியின் உதிரி டிரான்ஸ்மிட்டரில் ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடை (திறனை வெளியே விடாமல் தானே உறிஞ்சிக்கொள்ளும் சோதனைக் கருவியை) மாட்டிக் காட்டினார். திரும்பி வரும் திறன் கிட்டத்தட்ட பூஜ்யம். கனெக்டரை அரைத் திருகு தளர்த்தியதும் அதைக் காட்டும் மீட்டரின் முள் ஏறியது. டம்மி லோடில் முழுத் திறன் வருகிறதென்றால் டிரான்ஸ்மிட்டர் நன்றாக இருக்கிறது, கேபிளையும் ஆன்டெனாவையும் பாருங்கள் என்று அவர் சொன்னதை ஆறு மொழியில் ஆறு பேர் திருப்பிச் சொன்னார்கள். கனெக்டர்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுவது, மழைநீர் வழிந்து உள்ளே போகாமல் கேபிளைக் கீழ்நோக்கி வளைத்துவிடுவது, எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டுக் கோடையில் தண்ணீர் ஊற்றுவது என்று பேச்சு நீண்டது. மெஸ் மூடும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலைக்கு வைத்திருந்த ஒரு கருத்தரங்கை அன்றிரவே ரத்து செய்து, அந்த நேரத்தை இதே அமர்வுக்குக் கொடுத்தோம். கருத்தரங்கில் பேச வந்திருந்த பேராசிரியர்கள் சிலருக்கு மனவருத்தம். அதில் ஒருவர் மறுநாள் ஆய்வகத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

நேயர்கள் சொன்னது

மூன்றாம் நாள் கல்லூரியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து மகளிர் குழுப் பெண்கள் சிலரை அழைத்திருந்தோம். நடத்திய நிலையத்தின் நேயர்கள் என்ற முறையில் அவர்கள் பேச வேண்டும். அவர்கள் வந்து பாராட்டிவிட்டுப் போவார்கள் என்று கல்லூரி எதிர்பார்த்தது.

மகளிர் நிகழ்ச்சி மதியம் ஒரு மணிக்கு வருகிறது, அந்நேரம் தாங்கள் நூறு நாள் வேலையில் இருப்போம் என்றார் ஒருவர். இன்னொருவர் புதுப் போனில் ரேடியோவே வரவில்லை என்றார். பல ஸ்மார்ட்போன்களில் பண்பலை வசதி திறந்திருப்பதில்லை. அதைத் திறந்துவைக்கும்படி 2023இல் ஒன்றிய அரசு போன் தயாரிப்பு நிறுவனங்களுக்கு அறிவுரை அனுப்பியும் நிலைமை முழுதாக மாறவில்லை. வசதி இருந்தாலும் வயர் உள்ள இயர்போனைச் சொருக வேண்டும், அந்த வயர்தான் ஆன்டெனா. அந்த அம்மாவின் மகன் வாங்கித் தந்தது வயர் இல்லாதது. இதைக் கேட்டபோது வளாக நிலையத்து மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதைக் கவனித்தேன்.

நேரடி ஒலிபரப்பைப் பொறுத்தவரை, நேயர் அமர்வும் மாலை நாட்டுப்புறப் பாடல்களும் நேரலையில் போயின. உரிமக் கொள்கை, விளம்பரக் கட்டணம் பற்றிய அமர்வுகளைப் பதிவு மட்டும் செய்தோம். அவை நடப்பு விவகாரம் என்று கருதப்பட இடமுண்டு. சொந்தமாக அதை ஒலிபரப்ப அனுமதி கிடையாது. ஒலிபரப்பியவற்றை விதிப்படி மூன்று மாதம் வைத்திருக்கவும் வேண்டும். மிதமிஞ்சிய எச்சரிக்கை என்று சிலர் முணுமுணுத்தார்கள். உரிமம் போனால் நிலையம் போய்விடும் என்பதால் அந்த முடிவில் தவறு காண எனக்கு மனமில்லை.

பிறகு நடந்தவை

நடத்திய நிலையம் மகளிர் நிகழ்ச்சியை இரவு எட்டுக்கு மாற்றி, மறுநாள் காலை ஆறரைக்கு மறு ஒலிபரப்பும் வைத்தது. தொழில்நுட்பர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கியது. முதல் வாரத்திலேயே கழற்றிய கனெக்டர்களின் படங்கள் வந்து விழுந்தன. எல்லாப் படத்திலும் பச்சை இல்லை, ஆனால் பார்க்க வேண்டிய இடம் எது என்று தெரிந்துவிட்டது. இயக்குநர்களுக்கென்று ஆரம்பித்த குழுவில் பண்டிகை வாழ்த்துகள் ஓடுகின்றன.

வடக்கத்தி நிலையங்களில் ஒரு பகுதி வராததால் தீர்மானங்கள் எதையும் நிறைவேற்ற வேண்டாம் என்று கடைசி அமர்வில் முடிவெடுத்தோம். வடக்கு முழுதாக இல்லாத கூட்டத்தின் கோரிக்கை மனுவுக்கு மரியாதை இருக்காது. இது சிலருக்கு ஏமாற்றம்.

வேலையைத் தலைமேல் போட்டுச் செய்த மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஏப்ரலில் படிப்பை முடித்துக் கிளம்பிவிட்டார்கள். பயண ஏற்பாடு, மெஸ் கணக்கு, மொழிக் குழு என ஒவ்வொன்றிலும் ஓர் இரண்டாம் ஆண்டு மாணவரைக் கூடவே நிறுத்தியிருந்ததால் கோப்புகள் கைமாறின. ஒலிப்பதிவில் மட்டும் அப்படிச் செய்யவில்லை. எந்த அமர்வு எந்த ஹார்டு டிஸ்கில் இருக்கிறது என்று தேட ஒரு பழைய மாணவரைப் பெங்களூருவிலிருந்து போனில் பிடிக்க வேண்டியிருந்தது.

மாற்ற வேண்டியவை

அடுத்து நடத்த முன்வந்திருப்பது மகாராஷ்டிரத்து நிலையம் ஒன்று. அவர்களோடு பேசியபோது முதலில் சொன்னது, தேதி குறிக்கும் முன் வடக்கு, கிழக்கு, தெற்கு என ஆளுக்கொரு நாட்காட்டியை மேசையில் விரித்துப் பார்க்க வேண்டும் என்பது. அமர்வுகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கச் சொன்னோம். தொழில்நுட்ப அமர்வை ஆய்வக மூலையில் வைக்காமல் முதல் நாள் காலையில் அரங்கிலேயே வைக்கலாம். மொழிபெயர்க்கிற மாணவர்களுக்குச் சம்பளம் தர வேண்டும், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆளையும் மாற்ற வேண்டும். போன் வழி மொழிபெயர்ப்பை மறுபடி முயல்வதாக இருந்தால் ஒரு மாதம் முன்பே சோதித்துவிட வேண்டும்.

இரண்டு இடத்தில் ஒன்று மைக்குக்கோ டிரான்ஸ்மிட்டருக்கோ என்ற நிபந்தனையை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இரண்டு இடமுமே மைக், டிரான்ஸ்மிட்டர் ஆட்களுக்குத்தான் என்று வைக்கலாமா என்று கேட்டார்கள். அதை எங்கள் குழு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. இயக்குநர் வராவிட்டால் பயணப் படிவத்தில் கையெழுத்துப் போட ஆளில்லை என்பது ஒரு தரப்பு. கையெழுத்தை அவர் நிலையத்திலேயே உட்கார்ந்து போடட்டும் என்பது மறு தரப்பு.